பள்ளிக்கூடமே போகாத கல்வி அமைச்சர்: மௌலானா ஆசாத் கட்டியது என்ன, கைக்கு எட்டாமல் போனது என்ன?

நவம்பர் 11, தேசிய கல்வி தினம். நிறைய பள்ளிகளில் அன்றைக்குப் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி எல்லாம் நடக்கும். மேடையில் ஒரு படத்துக்கு மாலை போட்டிருப்பாங்க. உயரமான தொப்பி, கூரான தாடி, கழுத்து வரை பொத்தான் போட்ட நீளக் கோட்டு. அவர்தான் மௌலானா அபுல் கலாம் ஆசாத், சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர்.

போட்டித் தேர்வுக்கு இந்த ஒரு வரி போதும். ஆனால் இந்த ஒரு வரிக்குப் பின்னால் இரண்டு கேள்விகள் இருக்கு. வாழ்நாளில் ஒரு நாள்கூட பள்ளிக்கூட பெஞ்சில் உட்காராத மனிதர் எப்படி ஒரு நாட்டின் கல்விக்குப் பொறுப்பேற்றார்? ஐஐடி, யுஜிசி, சாகித்ய அகாடமி என்று இத்தனை நிறுவனங்கள் அவர் காலத்தில் வந்தும், எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கல்வி என்ற வாக்குறுதி மட்டும் ஏன் அரை நூற்றாண்டு தள்ளிப்போனது?

அவர் வாழ்க்கையைத் தொடக்கத்தில் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் பதில் கிடைக்கும்.

மெக்காவில் பிறப்பு, கல்கத்தாவில் படிப்பு

ஆசாத் பிறந்தது இந்தியாவில் இல்லை. 1888 நவம்பர் 11 அன்று மெக்காவில் பிறந்தார். அப்பா மௌலானா கைருத்தீன், டெல்லியைச் சேர்ந்த மார்க்க அறிஞர். அம்மா அரபுக் குடும்பத்துப் பெண். ஆசாத் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது.

அப்பாவுக்கு ஆங்கிலேயர் நடத்தும் பள்ளிக்கூடம் மேல் நம்பிக்கை கிடையாது. அதனால் மகனுக்கு வீட்டிலேயே பாடம். முதலில் அப்பாவே சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். அரபி, பாரசீகம், தத்துவம், வடிவ கணிதம், இயற்கணிதம் என்று பழைய முறைப் படிப்பு. மற்ற மாணவர்கள் இருபது வயதைத் தாண்டி முடிக்கும் அந்தப் பாடத்திட்டத்தை ஆசாத் பதினாறு வயதிலேயே முடித்துவிட்டார். முடித்த கையோடு, தன்னைவிட வயதில் மூத்தவர்களுக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

அந்த வயதில்தான் சர் சையது அகமது கானின் எழுத்துகள் அவர் கையில் கிடைத்தன. அலிகாரில் முஸ்லிம்களுக்காக நவீனக் கல்லூரி தொடங்கியவர் அவர். அறிவியலும் நவீன இலக்கியமும் படிக்காமல் இந்தக் காலத்தில் யாரும் படித்தவர் ஆக முடியாது என்ற முடிவுக்கு இளைஞர் ஆசாத் வந்தார். ஆனால் அதற்கு ஆங்கிலம் வேணுமே?

வீட்டில் கேட்டால் நடக்காது. தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டார். அடுத்து பைபிளை எடுத்தார். ஆங்கில பைபிள், பாரசீக பைபிள், உருது பைபிள் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் படித்தார். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கில செய்தித்தாள். இப்படியே ஆங்கிலப் புத்தகங்களைப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

அதே காலத்தில்தான் ஆசாத் என்ற பெயரையும் வைத்துக்கொண்டார். உருதுவில் அதற்கு விடுதலை பெற்றவர் என்று பொருள். பரம்பரையாகக் கையில் வந்த நம்பிக்கைகளை அப்படியே ஏற்காமல், தானே தேடித் தெரிந்துகொள்ளப் போகிறேன் என்பதற்கான அடையாளம் அது. அவருடைய முதல் போராட்டம் வெள்ளைக்கார அரசோடு இல்லை, தன் வீட்டுப் படிப்போடு.

பத்திரிகையை மூடினாங்க, ஊரைவிட்டும் அனுப்பினாங்க

1912-ல் கல்கத்தாவில் அல்-ஹிலால் என்ற உருது வார இதழைத் தொடங்கினார் ஆசாத். அப்போது அவருக்கு வயது 23. முஸ்லிம்கள் ஆங்கில அரசை நம்பி ஒதுங்கி நிற்கக் கூடாது, இந்துக்களோடு சேர்ந்து விடுதலைக்குப் போராட வேண்டும் என்பதுதான் அதன் அடிநாதம். இரண்டே ஆண்டில் வாரம் 26,000 பிரதிகள் விற்றன. உருதுப் பத்திரிகை உலகம் அதுவரை பார்க்காத எண்ணிக்கை அது.

அரசு சும்மா இருக்குமா? முதலில் 2,000 ரூபாய் ஜாமீன் தொகை கட்டச் சொன்னது. அதைப் பறிமுதல் செய்துவிட்டு 10,000 ரூபாய் கேட்டது. அதுவும் போனது. அல்-ஹிலால் நின்றதும் 1915-ல் அல்-பலாக் என்ற பெயரில் இன்னொரு இதழைக் கொண்டுவந்தார். 1916-ல் வங்காளத்தைவிட்டே வெளியேறச் சொல்லி உத்தரவு போட்டது அரசு.

பஞ்சாப், டெல்லி, ஐக்கிய மாகாணம், பம்பாய் ஆகியவை ஏற்கெனவே அவருக்குத் தடை போட்டிருந்தன. போவதற்கு மிச்சம் இருந்தது பீகார். அப்போது அந்த மாகாணத்தில் இருந்த ராஞ்சிக்குப் போனார். அங்கேயும் காவலில் வைத்துவிட்டார்கள். 1919 முடியும் வரை ராஞ்சிதான்.

காவலில் இருந்தவர் அங்கே என்ன பண்ணினார்? உள்ளூர் மக்களைச் சேர்த்து ஒரு மதரசாவைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் போகாத மனிதர் நிறுவிய பள்ளிக்கூடம் அது. 1920-ல் ஜாமியா மில்லியா இஸ்லாமியா உருவானபோதும் அதன் நிறுவனர்கள் வரிசையில் ஆசாத் இருந்தார். அரசுப் பணம் வேண்டாம், நம் கல்வியை நாமே நடத்துவோம் என்று ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் பிறந்த நிறுவனம் அது. இன்றைக்கு டெல்லியில் மத்தியப் பல்கலைக்கழகமாக இருக்கு.

சிறையில் வந்த செய்தி

1920 ஜனவரியில் ஆசாத் காந்தியைச் சந்தித்தார். அதன் பிறகு கிலாபத், ஒத்துழையாமை, உப்பு சத்தியாகிரகம் என்று எல்லாப் போராட்டத்திலும் முன்வரிசையில் நின்றார். 1923-ல் டெல்லியில் நடந்த காங்கிரஸ் சிறப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது அவருக்கு 35 வயதுகூட நிறையவில்லை. 1940-ல் மறுபடியும் காங்கிரஸ் தலைவர் ஆனார். போரும் சிறையும் குறுக்கே வந்ததால் 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடிவதற்குள் தலைவர்கள் கைது. ஆசாத், நேரு, படேல் உள்ளிட்டவர்களை அகமதுநகர் கோட்டையில் அடைத்தார்கள்.

அங்கே இருக்கும்போதுதான் அவர் மனைவி ஜுலைக்கா பேகத்துக்கு உடம்பு மோசமானது. கல்கத்தாவில் இருந்து செய்தி வந்தது. அரசிடம் ஏதாவது கேட்க நினைத்தால் தெரிவிக்கிறேன் என்று சிறைக் கண்காணிப்பாளர் சொன்னார். ஆசாத் எதையும் கேட்க மறுத்துவிட்டார். 1943 ஏப்ரலில் மனைவி இறந்துவிட்டார். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கவும் முடியவில்லை.

அந்தக் கோட்டையில் நண்பர் ஒருவருக்கு நிறைய கடிதங்கள் எழுதினார். அனுப்ப அனுமதி இல்லை. எழுதி எழுதி வைத்துக்கொண்டார். விடுதலையான பிறகு 1946-ல் அவை குபார்-இ-காதிர் என்ற பெயரில் புத்தகமாக வந்தன. உருது உரைநடையில் முக்கியமான நூல்களில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். அரசியல் கைதி எழுதியதுதான். ஆனால் உள்ளே தேநீர், சிட்டுக்குருவி, இசை, கடவுள், துக்கம் எல்லாம் இருக்கும்.

வாழ்நாளில் பத்து ஆண்டுகளுக்கு மேல் அவர் காவலிலும் சிறையிலும் கழித்தார். பாடம் படித்த இடம் வீடு. எழுதிய இடம் பத்திரிகை அலுவலகம், இல்லாவிட்டால் சிறை. இந்த அனுபவத்தோடுதான் அவர் கல்வி அமைச்சகத்துக்குள் நுழைந்தார்.

பதவிக்கு வந்தபோது நிலைமை எப்படி?

1947 ஜனவரியில், விடுதலைக்கு முன்பிருந்த இடைக்கால அரசில் கல்வித் துறைக்குப் பொறுப்பேற்றார் ஆசாத். பிரிவினையைக் கடைசி வரை எதிர்த்தவர் அவர். ஆனாலும் பிரிவினை நடந்தது. டெல்லியில் கலவரம் வெடித்தபோது அகதி முகாம்களுக்குப் போவது, பயந்து கிளம்பியவர்களை இருக்கச் சொல்வது என்று அந்த மாதங்கள் போயின. ஜும்மா மசூதியில் நின்று, இந்த மண்ணைவிட்டுப் போகாதீர்கள் என்று டெல்லி முஸ்லிம்களைக் கேட்டுக்கொண்டார்.

ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம் நாட்டின் படிப்பு நிலைமை. 1951 கணக்கெடுப்பைப் பாருங்க. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18.33 சதவீதம். பெண்களில் 8.86 சதவீதம்தான். பதினொரு பெண்களை நிற்க வைத்தால் ஒருவருக்குத்தான் படிக்கத் தெரியும். 6 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளில் 100-க்கு 43 பேர் அளவுக்குத்தான் பள்ளிச் சேர்க்கை இருந்தது. பெண் குழந்தைகளில் 100-க்கு 25.

ஆங்கில ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1944-ல், சார்ஜென்ட் அறிக்கை என்று ஒன்று வந்தது. எல்லாக் குழந்தைக்கும் கல்வி கொடுக்க 40 ஆண்டு ஆகும் என்பது அதன் கணக்கு. விடுதலை அடைந்த நாடு அவ்வளவு காலம் காத்திருக்கத் தயாராக இல்லை. அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவில், சட்டம் நடைமுறைக்கு வந்த பத்து ஆண்டுக்குள் 14 வயது வரை எல்லோருக்கும் இலவச, கட்டாயக் கல்வி கொடுக்க அரசு முயல வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதாவது 1960-க்குள்.

40 ஆண்டு வேலைக்கு 10 ஆண்டு கெடு. இது ஆசாத்தின் மேசைக்கு வந்தது.

தமிழ்நாட்டுக்காரர்கள் இருவரிடம் கொடுத்த பொறுப்பு

ஆசாத் முதலில் செய்தது, என்ன இருக்கு, என்ன இல்லை என்று பார்க்கச் சொன்னது. அதற்கு இரண்டு ஆணையங்கள். இரண்டுக்கும் தலைவர்கள் நம் பக்கத்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாது.

1948-ல் அமைத்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்துக்குத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்து, மாநிலக் கல்லூரியில் பாடம் எடுத்தவர். 1949-ல் அறிக்கை வந்தது. பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்கவும் தரம் பார்க்கவும் ஒரு மானியக் குழு வேண்டும், கிராமப்புறத்துக்கு என்று தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது.

1952-ல் அமைத்த இடைநிலைக் கல்வி ஆணையத்துக்குத் தலைவர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். மகப்பேறு மருத்துவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டு இருந்தவர். எல்லோரையும் ஒரே பாடத்தில் தள்ளிக் கல்லூரிக்கு அனுப்புவதற்குப் பதிலாக, தொழில், விவசாயம், வணிகம் என்று பல பிரிவுகள் உள்ள பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும், தேர்வு முறையை மாற்ற வேண்டும் என்பது அவர் அறிக்கையின் சாரம். பட்டப்படிப்பு மூன்று ஆண்டு என்று இன்றைக்கு நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பரிந்துரையும் இதில் இருந்தது.

கைதி முகாமில் ஐஐடி

அடுத்து வருவது ஆசாத் பெயரோடு எல்லோரும் சேர்த்துச் சொல்லும் விஷயம்.

உயர்தரத் தொழில்நுட்பக் கல்லூரிகள் நாட்டின் நான்கு பகுதிகளில் வேண்டும் என்று ஆங்கில ஆட்சியின் முடிவிலேயே என்.ஆர். சர்க்கார் தலைமையிலான குழு பரிந்துரை செய்திருந்தது. ஆக, ஐஐடி என்ற யோசனை ஆசாத்துடையது இல்லை. அந்தக் காகிதத்தைக் கட்டடமாக மாற்றிய அரசில் கல்வி அமைச்சராக இருந்தவர் அவர்.

முதல் ஐஐடி மேற்கு வங்கத்தில் கரக்பூரில் தொடங்கியது. இடம் எது தெரியுமா? ஹிஜ்லி கைதி முகாம். விடுதலைப் போராளிகளை அடைத்து வைத்திருந்த இடம். 1931 செப்டம்பரில் அங்கே காவலர்கள் சுட்டதில் கைதிகள் இரண்டு பேர் செத்துப் போனார்கள். அதே கட்டடத்தில் 224 மாணவர்களோடும் 42 ஆசிரியர்களோடும் வகுப்பு ஆரம்பமானது. 1951 ஆகஸ்ட் 18 அன்று முறைப்படி திறந்துவைத்தவர், பத்தாண்டுக்கு மேல் கைதியாக இருந்த மௌலானா ஆசாத்.

1956-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு கரக்பூர் ஐஐடியை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று அறிவித்தது. அவர் மறைந்த 1958-ல் பம்பாய், அடுத்த ஆண்டு சென்னை என்று வரிசையாக மற்றவை வந்தன. 1959 ஜூலை 31 அன்று சென்னை ஐஐடியைத் திறந்துவைத்தவர் ஹுமாயூன் கபீர். இந்தப் பெயரை நினைவில் வச்சுக்கோங்க, மறுபடியும் வரும்.

யுஜிசி, மூன்று அகாடமிகள்

ராதாகிருஷ்ணன் கேட்ட மானியக் குழுவை 1953 டிசம்பர் 28 அன்று ஆசாத் தொடங்கிவைத்தார். அதுதான் யுஜிசி. முதல் தலைவர் விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர். 1956-ல் அதற்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது.

ஆசாத்துக்குக் கல்வி என்றால் பாடப்புத்தகம் மட்டும் கிடையாது. இசை, நாடகம், இலக்கியம், ஓவியம் எல்லாம் அதில் சேர்த்தி. அரசர்களும் ஜமீன்தார்களும் கலைஞர்களை ஆதரித்த காலம் முடிந்துவிட்டது, இனி அந்தப் பொறுப்பு மக்களாட்சி அரசுடையது என்பது அவர் நிலைப்பாடு. 1953-ல் சங்கீத நாடக அகாடமி, 1954-ல் சாகித்ய அகாடமி, அதே ஆண்டு லலித் கலா அகாடமி என்று மூன்றும் வந்தன. அதற்கு முன்பே 1950-ல், வெளிநாடுகளோடு பண்பாட்டு உறவுக்கான ஐசிசிஆர் அமைப்பையும் தொடங்கியிருந்தார்.

இதிலும் சென்னைக்குப் பங்கு இருக்கு. சங்கீத நாடக அகாடமியின் முதல் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி.வி. ராஜமன்னார். லலித் கலா அகாடமியின் முதல் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் பாறையை நகர்த்தும் உழைப்பாளர் சிலை இருக்கே, அதை வடித்தவர். சாகித்ய அகாடமி விருது தொடங்கிய 1955-லேயே தமிழுக்கும் விருது வந்தது. பெற்றவர் ரா.பி. சேதுப்பிள்ளை, நூல் தமிழின்பம்.

மொழி விஷயத்தில் அவர் எங்கே நின்றார்?

தமிழ்நாட்டு வாசகர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. ஆசாத் உருது எழுத்தாளர். ஆட்சி மொழி விவாதத்தில் இந்தியும் உருதுவும் கலந்த இந்துஸ்தானியின் பக்கம் நின்றார். அரசியல் நிர்ணய சபையில் அது எடுபடவில்லை. தேவநாகரி எழுத்தில் இந்தி என்று முடிவானது.

அதே சமயம், ஆங்கிலத்தை ஒரே நாளில் தூக்கி எறியக் கூடாது என்பதிலும் தெளிவாக இருந்தார். பல்கலைக்கழகங்கள் அவசரப்பட்டு மொழியை மாற்றினால் படிப்பின் தரம் போய்விடும், மாற்றம் படிப்படியாகத்தான் வர வேண்டும் என்றார். ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்காமல், மூன்று பைபிளை வைத்துத் தானே கற்றவர் எடுத்த நிலை இது.

அப்போ பத்து ஆண்டு வாக்குறுதி என்ன ஆச்சு?

இனிதான் முக்கியமான கட்டம்.

1960 வந்தது. கெடு முடிந்தது. 6 முதல் 11 வயது வரை பள்ளிச் சேர்க்கை 100-க்கு 43-ல் இருந்து 62 ஆகியிருந்தது. பெண் குழந்தைகளில் 25-ல் இருந்து 41. அடுத்த கட்டமான 11 முதல் 14 வயதில் 100-க்கு 22 பேர் அளவுக்குத்தான். 1961 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 28.3 சதவீதம். வளர்ச்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொடக்கப் பள்ளிகள் மட்டும் இரண்டு லட்சத்து சொச்சத்தில் இருந்து மூன்று லட்சத்தைத் தாண்டின. ஆனால் எல்லோருக்கும் என்ற இலக்கு எட்டாத தூரத்தில் நின்றது.

ஏன்? மூன்று காரணங்கள்.

முதல் காரணம், அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது. அரசியல் சட்டம் கல்வியை மாநிலப் பட்டியலில் வைத்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள், உயர்கல்வியின் தரம், ஒருங்கிணைப்பு ஆகியவைதான் மத்திய அரசிடம் இருந்தன. அதாவது டெல்லியில் இருந்த கல்வி அமைச்சரால் சட்டம் போட்டு ஓர் ஐஐடி தொடங்க முடியும். ஆனால் ஒரு கிராமத்தில் தொடக்கப் பள்ளி தொடங்க முடியாது. அதை மாநில அரசுதான் செய்ய வேண்டும். ஆசாத் காலத்துச் சாதனைகள் எல்லாம் மேல்தளத்தில் இருப்பதற்கு இது பெரிய காரணம். அவர் கை எட்டிய இடம் அது.

மாநிலம் முனைந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை மாகாணமே சாட்சி. முதல்வர் காமராஜர் மதிய உணவோடு ஊர் ஊராகப் பள்ளி திறந்தது இதே 1950-களில்தான். எல்லா மாநிலமும் அந்த வேகத்தில் போகவில்லை.

இரண்டாவது காரணம், சட்டத்தின் பலம். 45-வது பிரிவு வழிகாட்டு நெறிகளில் ஒன்று. அதை நிறைவேற்றவில்லை என்று யாரும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. கெடு இருந்தது, தவறினால் கேட்க வழி இல்லை.

மூன்றாவது காரணம் பணம். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் கல்விக்குப் போனது மொத்தச் செலவில் சுமார் 8 சதவீதம். இரண்டாவது திட்டத்தில் அது 6 சதவீதத்துக்குக் குறைந்தது. அணை, எஃகு ஆலை, கனரகத் தொழில் என்று முன்னுரிமை மாறியது. கல்விக்குள்ளேயும் பங்கீடு மாறியது. முதல் திட்டத்தில் கல்விப் பணத்தில் 56 சதவீதம் தொடக்கக் கல்விக்குப் போனது. இரண்டாவது திட்டத்தில் 35 சதவீதம்தான். இதற்கு நடுவே மக்கள்தொகை 36 கோடியில் இருந்து 44 கோடியை நெருங்கியது. ஓட ஓட எல்லைக்கோடும் நகர்ந்துகொண்டே போனது.

அப்படின்னா ஆசாத் மேல் தவறே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பதினோரு ஆண்டு கல்வி அமைச்சர். காங்கிரஸின் மூத்த தலைவர். நேருவுக்கு மிக நெருக்கமானவர். தொடக்கக் கல்விக்குப் பணம் குறைந்த இரண்டாவது திட்டம் அவர் அமைச்சராக இருந்தபோது வந்ததுதான். முதியோர் கல்வியை வெறும் கையெழுத்துப் போடக் கற்பதாக வைக்காமல், சுகாதாரம், குடிமை உணர்வு, தொழில் எல்லாம் சேர்ந்த சமூகக் கல்வியாக மாற்றினார். நல்ல யோசனை. அதுவும் நாடு முழுக்கப் பரவும் அளவுக்கு வளரவில்லை. மேலே கட்டிய மாடி உறுதியாக நின்றது, அடித்தளம் பாதியில் நின்றது. அந்தக் காலக் கல்விக் கொள்கை பற்றி ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வைக்கும் விமர்சனம் இதுதான்.

மறைவும் மூடி வைத்த பக்கங்களும்

கடைசி ஆண்டுகளில் ஆசாத் தன் அரசியல் நினைவுகளைச் சொல்லச் சொல்ல, ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். அவர்தான் ஹுமாயூன் கபீர். கல்வி அமைச்சகத்தில் ஆசாத்தோடு வேலை பார்த்தவர், பின்னாளில் அமைச்சர் ஆனவர். அந்த நூல்தான் இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்.

நூல் அச்சாகி வருவதைப் பார்க்க ஆசாத் இல்லை. 1958 பிப்ரவரி 22 அன்று காலமானார். அதுவரை அவர்தான் கல்வி அமைச்சர். டெல்லியில் ஜும்மா மசூதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

1959-ல் நூல் வெளியானது. ஆனால் முழுசாக இல்லை. சுமார் 30 பக்கங்களைத் தன் மறைவுக்குப் பிறகு 30 ஆண்டு கழித்துத்தான் வெளியிட வேண்டும் என்று ஆசாத் சொல்லியிருந்தார். அவற்றை முத்திரையிட்டு தேசிய நூலகத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் வைத்தார்கள். 1988-ல் பிரித்தபோது, நேரு உள்ளிட்ட சக தலைவர்கள் மேல் அவர் வைத்த கடுமையான மதிப்பீடுகள் வெளியே வந்தன. 1992-ல் அவருக்கு பாரத ரத்னா விருது கிடைத்தது. அவர் பிறந்த நாளை தேசிய கல்வி தினமாக மத்திய அரசு அறிவித்தது 2008-ல்.

அவருக்குப் பிறகு வாக்குறுதி எங்கே போனது?

1964-ல் டி.எஸ். கோத்தாரி தலைமையில் கல்வி ஆணையம் வந்தது. தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று 1966-ல் சொன்னது. அதை வைத்து 1968-ல் நாட்டின் முதல் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-வது திருத்தம் மூலம் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. இன்றைக்கும் டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் கல்விச் சண்டைகளுக்கு ஆரம்பப் புள்ளி அந்தத் திருத்தம்தான். 1986-ல் அடுத்த கல்விக் கொள்கை வந்தது.

2002-ல் 86-வது திருத்தம் வந்த பிறகுதான் 6 முதல் 14 வயது வரையிலான கல்வி அடிப்படை உரிமை ஆனது. அதற்கான கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1960-க்குள் என்று எழுதி வைத்தது, சட்டமாகக் கைக்கு வர 2010 ஆனது. சரியாக 50 ஆண்டு தாமதம்.

இந்த 50 ஆண்டில் பள்ளிக்கூடம் போகாமலே வளர்ந்த தலைமுறைகள் உண்டு. நம் வீடுகளிலேயே பாட்டியோ, பெரியம்மாவோ கைநாட்டு வைத்துப் பென்ஷன் வாங்கியதைப் பலர் பார்த்திருப்போம். ஆசாத்துக்கு வீட்டுக்கே ஆசிரியர்கள் வந்தார்கள், அப்பாவே அறிஞர், அலமாரி நிறைய புத்தகம். பள்ளிக்கூடம் இல்லாமலும் அவரால் படிக்க முடிந்தது. அந்த வசதி இல்லாத வீட்டுக் குழந்தைக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு வழி இல்லை.

அடுத்த முறை தேசிய கல்வி தினத்தில் குழந்தைகள் ஐஐடி, யுஜிசி, மூன்று அகாடமி என்று பட்டியல் ஒப்பிக்கும்போது, 45-வது பிரிவையும் 1960 என்ற ஆண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்க.